ஏழுமலையின் கிலோமீட்டர்: தாம்பரத்திலிருந்து ஒரு லிட்டர் தூரம்

மின்சாரக் காரில் திண்டிவனம் போய்வந்ததைப் பற்றிப் போன பதிவில் எழுதியிருந்தேன். அதற்கு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று இப்போது திரையே சொல்லிவிடுகிறது. அந்தக் காலத்தில் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" சுருக்கமான பதில்: ஒரு கேனில் ஒரு லிட்டர் பெட்ரோலை ஊற்றி, அது தீர்ந்து வண்டி நிற்கும் வரை ஓட்டினோம். அப்படி ஒரு நாள் ஓட்டியதைச் சொல்வதுதான் நீளமான பதில். பொறுமை இல்லாதவர்கள் கீழே இருக்கும் ஆலோசனைகளுக்குத் தாவிவிடலாம்; நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பயண நாள் 1996 காணும் பொங்கல். புறப்பட்ட இடம் தாம்பரம், சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பெட்ரோல் பங்க். சேரும் இடம் எது என்று புறப்படும்போது யாருக்கும் தெரியாது. பெட்ரோல் எங்கே தீர்கிறதோ அதுதான் ஊர். இப்படி ஒரு பயணத்தை நீங்கள் யாரும் திட்டமிட்டிருக்க மாட்டீர்கள்.

அப்போது நாங்கள் செம்பாக்கத்தில் இருந்தோம். நாங்கள் என்றால் நானும் என் அண்ணன் சாமுவேலும் அண்ணி, பிள்ளைகளும். அண்ணன் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நடந்தே போய்விடுவான். நான் மறைமலை நகரில், இன்ஜின் வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். வீட்டிலிருந்து தாம்பரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். இரண்டாவது பஸ்ஸில் ஒரு கால் படியில் இருக்கும், இன்னொரு கால் ஆண்டவர் கையில் இருக்கும். ஆறு வருடம் அப்படித்தான் போனேன்.

வீட்டில் கார் இல்லாமல் இல்லை. அப்பாவுக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் பொதுவாக வந்த பழைய கார் ஒன்று இருந்தது. என்ன கார் என்று பெயர் சொல்லப் போவதில்லை. உருண்டை மூக்கு, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் கம்பி, பின்சீட்டில் நான்கு பேர் தாராளம் என்றால் உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். பெட்ரோலை அது தண்ணீராகக் குடித்தது. தினமும் அதில் மறைமலை நகர் போனால் சம்பளத்தை நேராகப் பங்கிலேயே கட்டிவிட்டு வரலாம். அதனால் கார் ஷெட்டிலும் நான் படிக்கட்டிலும் இருந்தோம்.

95 பிப்ரவரியில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வேலையில் மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு ஊரார் இன்ஜினுக்கெல்லாம் வால்வு சரியா என்று பார்க்கிறேன், சொந்த வண்டி இப்படியா என்று. இதன் இன்ஜினை நானே சீர் செய்கிறேன், பெட்ரோல் செலவு குறைந்தால் வார நாட்களில் கார் எனக்கு என்று அண்ணனிடம் கேட்டேன். "செஞ்சு காட்டு பாக்கலாம்" என்றான். அவனுக்கு நான் ஒரு மாதத்தில் விட்டுவிடுவேன் என்ற நம்பிக்கை.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு லிட்டரைக் கேனில் ஊற்றி, இதே சாலையில் ஓட்டிப் பார்த்தோம். மீட்டரில் சரியாக ஒன்பது கிலோமீட்டர். அண்ணன் அதை டைரியில் எழுதிக்கொண்டான்.

இன்ஜின் விஷயம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பயந்து ஓட வேண்டாம், இரண்டே பத்திதான். காற்றும் பெட்ரோலும் கலந்து சிலிண்டருக்குள் போக வேண்டும், அங்கே நசுக்கப்பட வேண்டும், எரிய வேண்டும், புகை வெளியே போக வேண்டும். இந்த நான்கிலும் எங்கள் வண்டி சோம்பேறி. மட்டமான பெட்ரோலையும் தாங்க வேண்டும் என்று, கலவையை ஏழில் ஒரு பங்காக மட்டும் நசுக்கும்படி அதைச் செய்திருந்தார்கள். எவ்வளவு இறுக்கி நசுக்குகிறோமோ அவ்வளவு வேலை அதே பெட்ரோலிலிருந்து கிடைக்கும். ஆகவே சிலிண்டர்மேல் மூடி போல உட்காரும் ஹெட்டின் அடிப்பாகத்தை ஒன்றரை மில்லிமீட்டர் சீவி, எட்டேகாலில் ஒரு பங்காக்கினேன். அதற்கு மேல் போனால் கலவை நேரத்துக்கு முன்பே தானாக எரிந்து, சுத்தியலால் அடிப்பது போல் தட்டும், இன்ஜின் போய்விடும். காற்று போகும் வழியில் இரண்டு இரும்புகள் சேரும் இடத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு விளிம்பு இருந்தது. அதை அரத்தால் ராவி வழவழப்பாக்கினேன். வால்வு உட்காரும் வளையங்களைத் திரும்பக் கடைந்தேன். தேய்ந்துபோன கார்புரேட்டர் ஊசியை மாற்றினேன்.

கடைசியாகத் தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் சின்ன வால்வு அது. நம் ஊரில் புது வண்டி வந்தால் மெக்கானிக் முதலில் கழற்றி எறிவது இதைத்தான். எங்கள் மெக்கானிக் ஏழுமலையும் எறிந்திருந்தார். "மெட்ராஸ் வெயிலுக்கு இது இன்னாத்துக்கு மேடம்? குளிர் தேசத்துக்காரன் வச்சது அது" என்பார். உண்மையில் அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே வராது, பாதி பெட்ரோல் எரியாமல் புகையாகப் போகும். நான் புதிதாக வாங்கிப் போட்டேன். ஏழுமலை அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

ஏழுமலையை அறிமுகப்படுத்த வேண்டும். செம்பாக்கத்துப் பழைய குடி. நிலத்தில் பாதி மனையாகிவிட்ட பிறகு மீதியில் நான்கு மாடும் ஒரு மெக்கானிக் ஷெட்டும் வைத்திருந்தார். கை சுத்தம், வாய் ஓயாது. பதினோரு மாதம், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு அவர் ஷெட்டுக்குத்தான் போனேன். அவருடைய கருவிகளில் என் வேலை நடந்தது. பக்கத்தில் அவர் தன் வேலையைச் செய்தார். அவருடைய வேலை என்னவென்றால் பழைய பெட்ரோல் கார்களின் இன்ஜினைத் தூக்கிவிட்டு டீசல் இன்ஜின் வைப்பது.

இன்றைக்கு எல்லாரும் மின்சாரம் என்பது போல அப்போது தாம்பரம் முழுக்க டீசல் என்ற ஒரே பேச்சு. பெட்ரோல் விற்ற விலையில் பாதிகூட டீசலுக்குக் கிடையாது. எங்கள் எதிர்வீட்டு பாஸ்கர் சார் ஏழுமலையிடம் டீசல் வைத்துக்கொண்டார். "லிட்டருக்கு இருபது கொடுக்குது சார்" என்று காலையில் பால் வாங்கும்போது ஒரு முறை, மாலையில் கேட்டைப் பூட்டும்போது ஒரு முறை அண்ணனிடம் சொல்வார். இருபதைக் கேட்டுக் கேட்டு அண்ணன் மனம் மாறிவிட்டது. என் வேலை முடிய இரண்டு வாரம் இருக்கும்போது ஏழுமலையின் ஷெட்டில் எங்களுக்கென்று ஒரு டீசல் இன்ஜின் கோணி சுற்றி வந்து இறங்கியது.

பாஸ்கர் சார் வண்டியை நான் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஏரிக்கரைத் திருப்பத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியவில்லை. முன்பக்கம் அவ்வளவு கனம். கிளட்ச்சை அழுத்த நான் சீட்டிலிருந்து எழுந்துகொள்ள வேண்டியிருந்தது. சாலையில் பார்த்தால் பின்னால் வருகிற லாரி கண்ணாடியில் மூன்றாகத் தெரிகிறது, அப்படி ஓர் ஆட்டம். டீசல் வந்தால் என் இன்ஜின் எடைக்குப் போகும், நான் படிக்கட்டுக்குப் போவேன். இரண்டில் எது அதிகம் வலித்தது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் நியாயஸ்தன். கரும்பலகை முன் நிற்பது போல நின்று நிபந்தனை சொன்னான். "முன்னாடி ஒன்பது. பதினஞ்சு வந்துட்டா பெட்ரோல் செலவு நூத்துக்கு நாற்பது குறையுது. அப்படின்னா எனக்கு டீசல் வேண்டாம், வண்டி உனக்கு. பதினாலு புள்ளி ஒன்பதுன்னாலும் டீசல்தான்." சரி என்றேன். தனியாக ஓட்டிப் பார்த்ததில் பதினைந்தை ஒட்டி வரும் போலத்தான் இருந்தது. தாண்டுமா என்பது தெரியாது.

இனி பயணம். காலை ஆறரைக்குச் சாலை காலியாக இருக்கும்போது கிளம்புவது என்று ஏற்பாடு. ஏழுமலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்கு வந்தார்.

"நேத்து மாட்டுப் பொங்கலு மேடம். நாலு மாடு கீது வூட்ல. கொம்புக்கு பெயின்ட் அடிச்சு, ஊர்வலம் வுட்டு, படுக்கவே லேட்டாயிட்சு. இன்னா இப்ப, ரோடு எங்கியாச்சும் ஓடிடுமா?"

ரோடு ஓடவில்லைதான். அன்று ஜி.எஸ்.டி. சாலையில் வேறு யாரெல்லாம் ஓடப்போகிறார்கள் என்பதை மூன்று பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

பங்கில் அளவுக் குவளையால் ஒரு லிட்டர் பிடித்துக் கேனில் ஊற்றினோம். வெள்ளைப் பிளாஸ்டிக் கேன். நூறு மில்லிக்கு ஒரு கோடு நானே பேனாவால் போட்டிருந்தேன். இன்னும் நான்கு லிட்டர் தனியாக டிக்கியில். ஐந்து லிட்டருக்கும் சேர்த்து நூறு ரூபாய்க்கு மேல் ஆனது, அண்ணன் முகம் சுருங்கியது. டேங்கிலிருந்து வரும் குழாயை ஏழுமலை கழற்றிவிட்டு, கேனிலிருந்து ஒரு டியூபை பானெட்டுக்குள் விட்டு மாட்டினார். கேனைக் கையில் ஏந்திக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார், கை ஜன்னலுக்கு வெளியே. பற்ற வைக்காத பீடி ஒன்று அவர் காதில் இருந்தது. அதையும் பிடுங்கி அண்ணன் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அண்ணன் பின்சீட்டில், நடுவில், மீட்டர் தெரியும்படி. நான் ஸ்டீயரிங்கில். மணி 9.40.

முதல் நான்கு கிலோமீட்டர், பெருங்களத்தூர் வரை, எனக்குத் திருவிழா. முள் அறுபதில் அசையாமல் நிற்கிறது, இன்ஜின் சத்தமே காணோம். பேச்சுக் குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. ஏழுமலைகூட, "அறுவதுல பூனை மாரி போது மேடம்" என்றார். டீசல் வைக்கிறவர் வாயிலிருந்து அப்படி வந்தது எனக்குப் பெரிய பட்டம். பின்னால் அண்ணனைக் கண்ணாடியில் பார்த்தேன், வாத்தியார் முகம்.

வண்டலூருக்கு முன் சாலை லேசாக ஏறும். நசுக்கும் அளவை அதிகமாக்கிய இன்ஜினுக்கு அதுதான் சோதனை. கியரை மாற்றாமல் மிதித்தால் தட்டும். தட்டுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஏறினேன். தட்டவில்லை. மேட்டின் உச்சியில் நிம்மதியாக மூச்சு விட்டேன், விட்ட மூச்சு அப்படியே நின்றது. முன்னால் சாலையை அடைத்துக்கொண்டு பஸ், லாரி, டெம்போ, மாட்டு வண்டி, எல்லாவற்றிலும் கரும்பும் டிபன் கேரியரும் பிள்ளைகளுமாக ஜனம். காணும் பொங்கலுக்குச் சென்னையில் பாதிப் பேர் வண்டலூர் மிருகக்காட்சிச் சாலைக்கு வருவார்கள் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்குத் தோன்றவில்லை.

"ஆஃப் பண்ணிடவா அண்ணா?" என்றேன்.

"கூடாது. தினமும் எப்படி ஓடுமோ அப்படியே ஓடணும்" என்றான் அண்ணன்.

ஐந்து நிமிடம் நின்றோம். நின்ற இடத்திலேயே எழுபது மில்லி போயிற்று, ஒரு கிலோமீட்டருக்குரிய பெட்ரோல். கேனில் சரிபாதி மிச்சம். ஆத்திரத்தில் கேனைப் பார்க்காமல் வலது பக்கமும் இடது பக்கமும் பார்த்தேன். இடது பக்கம் ஜன்னலை ஒட்டி ஒரு கிலோமீட்டர் கல் நின்றது.

இந்தச் சாலைக் கற்கள் எனக்கு மனப்பாடம். படிக்கட்டில் நிற்பவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? நாங்கள் புறப்பட்ட பங்குக்கு நேர் எதிரே ஒரு கல் உண்டு. அதிலிருந்து இது ஆறாவது கல். ஆறு கிலோமீட்டர். மீட்டரைப் பார்த்தேன். ஏழரை.

முதலில் நான் தப்பாக எண்ணியிருப்பேன் என்று நினைத்தேன். கூட்டம் விலகி வண்டி நகர்ந்தது. அடுத்த கல்லுக்கும் அதற்கடுத்த கல்லுக்கும் மீட்டரைக் கவனித்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் ஒன்றேகால் கிலோமீட்டர் காட்டியது. மீட்டர் வேகமாக ஓடுகிறது. அது பதினைந்து காட்டும்போது நாங்கள் உண்மையில் வந்திருக்கப்போவது பன்னிரண்டு. அறுபதில் பூனை போலப் போகிறது என்று மார்தட்டினேனே, அது அறுபதே இல்லை, நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டில் எந்த வண்டியும் பூனைதான்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பதினோரு மாத ஞாயிற்றுக்கிழமைகள், ராவி ராவிக் கொப்புளம் போட்ட கை, நாளைக் காலை பஸ் படி எல்லாம் சேர்ந்து என் வாயைப் பொத்தின. மீட்டரைக் கேட்டவன் அண்ணன், மீட்டரே பதில் சொல்லட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊரப்பாக்கத்தில் ஒன்பதாவது கல், கேனில் முந்நூறுக்குக் கொஞ்சம் கீழே. ஏழுமலை தன் சிவப்பு மாடு லாரிக்காரரை முட்டிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்தேன். வேலையில் ஒரு மைக்ரான் கூடினால் பெட்டியோடு திருப்பி அனுப்புகிறவள் நான். எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

கூடுவாஞ்சேரி, மணி 10.07. பன்னிரண்டாவது கல் தெரியும்போது அண்ணன் முன்னால் எட்டிப் பார்த்தான். கேனின் ஒரு மூலையில் மட்டும் பெட்ரோல் சாய்ந்து கிடந்தது, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"பதினஞ்சு" என்றான். "சரிம்மா. நீ ஜெயிச்சுட்ட. வண்டி உனக்கு."

ஏழுமலை ஒரு கையால் டேஷ்போர்டைத் தட்டினார். "சூப்பரு மேடம்! நம்ம ஷெட்டு கை வச்ச வண்டின்னா சும்மாவா!"

அந்தத் தட்டலில் நான் உடைந்துவிட்டேன். "இல்லண்ணா. மீட்டர் தப்பா காட்டுது. கல்லை எண்ணிப் பாரு. நாம பன்னிரண்டுதான் வந்திருக்கோம். எனக்கு வண்டலூர்லயே தெரியும்."

அண்ணன், "நிறுத்தாத. கேன் தீரட்டும்" என்றான். குரலில் எரிச்சல் இருந்தது. பொய் சொல்லி ஜெயிக்கப் பார்த்தாள் என்ற எரிச்சல் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கூடுவாஞ்சேரி கடைத்தெருவைத் தாண்டி, பொத்தேரிக்கு வெகு முன்பே, வண்டி ஒரு முறை இருமியது, இரண்டாம் முறை குலுங்கியது, நின்றது. அண்ணன் இறங்கிக் கடைசிக் கல்லிலிருந்து காலால் அளந்தான், எண்ணூறு மீட்டர். மொத்தம் 12.8 கி.மீ. மீட்டர் 16 காட்டியது. வண்டியைத் தள்ளிக் கொண்டுபோய் ஒரு புளிய மரத்தடியில் விட்டோம். எதிரே டீக்கடை. டீ ஒன்றரை ரூபாய், மசால் வடை ஒரு ரூபாய். வடை நன்றாக இருந்தது என்று பின்னாளில் அண்ணன் சொன்னான், எனக்கு ருசி தெரியவில்லை.

"தோத்துட்டேன். நாளைக்கே டீசல் வச்சுக்கோ" என்றேன்.

அண்ணன் ஏழுமலை பக்கம் திரும்பினான். "ஏழுமலை, மீட்டர்ல யார் கை வச்சது?"

ஏழுமலை டீயை ஊதினார். "கை வைக்கல சார். ரெண்டு வருசம் முன்னாடி மீட்டர் நின்னுபோச்சுன்னு வண்டி வுட்டீங்கல்ல? கியர்பாக்ஸாண்ட ஒரு சின்ன பல்சக்கரம் கீது, அதான் மீட்டர் ஒயரை சுத்தும். தேஞ்சுபோச்சு. ஒரிஜினல் கெடைக்கல. பழைய சாமான் மார்க்கெட்ல ஒரு டஜன் சல்லிசா வந்துச்சு. இருவது பல்லுக்கு பதினாறு பல்லு. போட்டேன், ஓடுச்சு."

"தப்பா ஓடுச்சே?"

"மீட்டர் ஓடலன்னு தான் சார் சொன்னீங்க. கரெக்டா ஓடணும்னு சொல்லலியே."

பல் குறைந்த சக்கரம் வேகமாகச் சுற்றும். இருபதுக்குப் பதினாறு என்றால் ஒன்றுக்கு ஒன்றேகால், என் கணக்கு அப்படியே. இரண்டு வருடமாக எங்கள் வண்டி எண்ணூறு மீட்டரை ஒரு கிலோமீட்டர் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்களோ எவ்வளவு பெட்ரோல் போட்டோம் என்று பார்த்தோமே தவிர, எவ்வளவு தூரம் போனோம் என்று பார்த்ததில்லை.

அண்ணன் சட்டென்று வடையைக் கீழே வைத்தான். "ஒரு டஜனா? மிச்சம் பதினொண்ணு எங்க?"

"டீசல் வண்டிக்கெல்லாம் தான் சார். இன்ஜின்தான் புச்சு, கியர்பாக்ஸ் பழசுதான. அதெல்லாம் தேஞ்சுகினு வரும். மாத்தி வுட்டுடுவேன்."

"பாஸ்கர் சார் வண்டி?"

"அதே டஜன்தான்" என்றார் ஏழுமலை, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

அண்ணன் சிரிக்கத் தொடங்கினான். கணக்கு வாத்தியார் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. காலையும் மாலையும் கேட்டருகே கேட்ட அந்த இருபது, வெறும் பதினாறு. எதிர்காலம் எதிர்காலம் என்று ஊரே பேசியதில் ஐந்தில் ஒரு பங்கு ஏழுமலையின் பல்சக்கரம்.

சிரித்து முடித்து என்னைப் பார்த்தான். "நீ எங்க தோத்த? நான் கேட்டது என்ன? செலவு நூத்துக்கு நாற்பது குறையணும். முன்னாடி ஒன்பதுன்னு சொன்னதும் இதே மீட்டர்தானே? அதுவும் பொய், நிஜத்துல ஏழு புள்ளி ரெண்டு. ஏழு புள்ளி ரெண்டுலேர்ந்து பன்னெண்டு புள்ளி எட்டு. போட்டுப் பாரு, நாற்பத்து மூணுக்கு மேலயே குறைஞ்சிருக்கு. சதவீதத்துக்கு மீட்டரே வேண்டாம்."

ஏழுமலைக்குச் சதவீதம் புரியவில்லை, தன் டீசல் இன்ஜின் விலை போகாது என்பது மட்டும் புரிந்தது. "அப்ப ஷெட்ல கோணி சுத்தி நிக்கிற ஜாமானு?" என்று கேட்டார். வேறு ஆள் பார் என்றான் அண்ணன். ஒரு வாரத்தில் சேலையூர்க்காரர் ஒருவர் வாங்கிப் போனார். ஏழுமலை பேஜாராகவில்லை.

இனி ஆலோசனைகள். முதலாவது, கேனைக் கையில் ஏந்திக்கொண்டு இந்தச் சோதனையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். நாங்கள் உயிரோடு இருப்பது எங்கள் சாமர்த்தியத்தால் அல்ல. டேங்கை முழுக்க நிரப்பி, நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடியும் அதே பங்கில் நிரப்பினாலே போதும். போகும் வழியும் வரும் வழியும் சேர்த்தே அளங்கள், மேடும் காற்றும் சரியாகிவிடும். மீட்டரைச் சாலைக் கல்லோடு ஒரு முறையாவது ஒப்பிடுங்கள். டயரை அளவு மாற்றிப் போட்டவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்; டயர் சிறுத்தாலும் மீட்டர் கூடுதலாகவே காட்டும். மின்சார வண்டிக்கும் இதே விதிதான். திரையில் இன்னும் நூற்றிருபது என்று இருந்தால் அதுவும் ஒரு பல்சக்கரம் சொல்வதுதான் என்று நினைத்துக்கொண்டு, முப்பதைக் கழித்துக்கொள்வேன். காணும் பொங்கலன்று வண்டலூர் வழியாகப் போகவே போகாதீர்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்ற விடாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதமே எங்கள் வண்டிக்கு இருபது பல் சக்கரம் தேடிப் போட்டுவிட்டோம். அண்ணன் வற்புறுத்தியதால், மற்ற பதினொரு பேரிடமும் இலவசமாக மாற்றித் தருவதாக ஏழுமலை போய்ச் சொன்னார். ஒருவரும் வரவில்லை. "இருவது குடுக்குற வண்டிய எவன் சார் பதினாறாக்குவான்?" என்றார். பாஸ்கர் சார் எங்களிடம் ஒரு வாரம் பேசவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். திரும்பும் வழி. டிக்கியில் இருந்த நான்கு லிட்டரை டேங்கில் ஊற்றிக்கொண்டு பதினொன்றே முக்காலுக்குக் கிளம்பினோம். ஏழுமலை பின்சீட்டில் காலை நீட்டித் தூங்கிவிட்டார். அண்ணன் முன்னால் வந்து உட்கார்ந்தான். ஊரப்பாக்கம் தாண்டியதும் கேட்டேன்.

"டீக்கடையில அவ்வளவு சீக்கிரம் எப்படிண்ணா கணக்குப் போட்ட?"

"வண்டலூர்ல நாம அந்தக் கல் பக்கத்துலதானே நின்னோம். எனக்கும் கண் இருக்கே."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் கால் தானாக ஆக்சிலரேட்டரை விட்டது. "அப்ப கூடுவாஞ்சேரியில நான் ஜெயிச்சேன்னு சொன்னியே. நாற்பது சதவீதத்தை யோசிச்சுதானே சொன்ன?"

"இல்ல. அது டீ குடிக்கும்போதுதான் தோணுச்சு." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான். "அங்க சொன்னது பொய்தான். டிசம்பர்ல ஒரு நாள் ஸ்டேஷன் பக்கம் நின்னுட்டிருந்தேன். உன் பஸ் போச்சு. நீ கம்பியை ஒரு கையால பிடிச்சிட்டு வெளிய தொங்கிட்டுப் போன. வீட்டுக்கு வந்து சொல்லக்கூட முடியல. டீசல் வச்சா நீ ஓட்ட மாட்ட, திரும்பவும் அந்தப் பஸ்தான். மீட்டர் பொய் சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். நீயா வந்து உடைச்சிட்ட."

கூடுவாஞ்சேரியில் அவன் குரலில் இருந்த எரிச்சல் எதற்கென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆறு கிலோமீட்டர் தூரம், ஒரே பொய்யை முன்னும் பின்னும் உட்கார்ந்து இரண்டு பேரும் எனக்காகக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்ததால் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

"ரோட்டைப் பாரு" என்றான் அண்ணன்.